தீவுக்குப் போய் வந்த மறுநாள்

அன்புச் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். மீதியைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லலாம் என்றால், உன் குரல் கேட்டதும் அப்பா வந்து என் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். அதனால்தான் காகிதம். இதற்குள் நான்கு தடவை எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டேன். அடுப்பை இன்னும் பற்றவைக்கவே இல்லை.

நேற்று இருவரும் படகேறித் தீவுக்குப் போனோம். "இந்தக் குளிர்ல யாராவது தீவுக்குப் போவாங்களா? உனக்கென்ன பைத்தியமா?" என்று அப்பா கத்தினார். அங்கே கார், பைக் எதையும் விடமாட்டார்கள். சாமான் எல்லாம் தள்ளுவண்டியில்தான். கார் இல்லாத இடத்தில் வைத்துக் காரைப் பற்றிப் பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

போனால் பாதிக் கடைகள் பூட்டு. காற்று காதைப் பிய்த்தது. அப்பாவுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர் இல்லையா, ஆள் நடமாட்டமே இல்லாத பாதையைப் பார்த்து, "இந்த வளைவுல ஒரு கண்ணாடி வெச்சிருக்கணும்" என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார். நான் வாயைத் திறந்தபோதெல்லாம் உன் பேச்சை எடுத்தார். நீ வரும் நாளில் விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்குக் காரை எடுக்க வேண்டும், பேத்தியின் குட்டி இருக்கையைப் பின்னால் எந்தப் பக்கம் மாட்ட வேண்டும், இதே பேச்சுதான்.

இனிச் சுற்றி வளைப்பானேன். அப்பாவுக்கு ஒரு கண் போய்விட்டதம்மா. காரில் நான் உட்காரும் பக்கத்துக் கண். போன வருடமே போய்விட்டது. இன்னொன்றும் மங்கிக்கொண்டு வருகிறது. "இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்க" என்று கண் டாக்டர் என் எதிரிலேயே சொன்னார். "பொண்ணுகிட்ட மூச்சு விடக் கூடாது" என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கண் நான்தான். நாற்சந்தி வந்தால் "என் பக்கம் காலி, போங்க" என்பேன், அவர் போவார். ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுத்தவருக்கு, ஓட்டவே தெரியாத நான் வழி சொன்னேன். சிரிக்காதே. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என் பேச்சைக் கேட்டதே அங்கேதான்.

தீவில் மத்தியானம் டீக்கடையில் கையுறையை மறந்துவிட்டு, எடுத்துவரத் திரும்பினேன். அப்பா தனியாக நாலு எட்டு முன்னால் நடந்தார். அந்தப் போன கண் பக்கத்திலிருந்து மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி வந்தது. நேராகப் போய் அதன் முன்னால் நின்றார். இடித்து, விழுந்தார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. வண்டிக்காரர் பதறிப்போய், "மூணு தடவை மணி அடிச்சேனே ஐயா, காத்துல கேக்கலேன்னாலும் பாக்கலையா நீங்க?" என்றார். அப்பா அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் திட்டினார்: "எங்கடி போய்த் தொலைஞ்சே? சொல்ல வேணாமா?"

நடை வேகத்தில் வந்த வண்டியே தெரியவில்லையே! இந்த ஒரு வருடத்தில் எத்தனை பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போயிருப்போம்! நான் ஒரு தடவை கண் அசந்திருந்தால்? திரும்பும் படகில், "இனிமே கார் வேணாங்க" என்று சொல்லியே விட்டேன். "குழந்தையைக் கூட்டிட்டு வர்ற அன்னிக்கு மட்டும். அதோட விட்டுடறேன்" என்று கெஞ்சினார். உன் அப்பா கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. நானும் சரியென்று தலையாட்டிவிட்டேன்.

அதனால்தான் இந்த உறை இவ்வளவு கனம். கார்ச் சாவி இரண்டும் உள்ளே இருக்கின்றன. காலையிலிருந்து அவர் வீட்டையே புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார். பாவி நானும் கூடவே குனிந்து கட்டிலுக்கடியில் தேடினேன்.

நீ வாடகைக் கார் பிடித்து வா. அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். நீ ஒன்றும் பேசாதே, குழந்தையை அவர் கையில் கொடுத்துவிடு.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். சாவியை மட்டும் கொண்டு வராதே, கண்ணு. நானே கேட்டாலும் கொண்டு வராதே.

இப்படிக்கு,
உன் அம்மா