வாசல் காவல்

12-7-1961, புதன்

எங்கள் பொலிஸ் நிலையத்தில் இன்று புதிய கடமைப் பட்டியல் ஒட்டினார்கள். பதினெட்டு வருஷம் முறைப்பாட்டுப் புத்தகம் எழுதிய என்னை, சிங்களப் பரீட்சையில் தேறவில்லையென்று வாசல் காவலுக்குப் போட்டுவிட்டார்கள். அங்கே நிற்க ஒரு மரக்கட்டை போதும். உள்ளே இப்போது தமிழ் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கங்காணி தன் புருஷனின் கையை முறித்துவிட்டானென்று என்னிடம்தான் முழுவதும் சொல்லி அழுதாள். எழுதிக்கொள்ள எனக்கு அதிகாரமில்லை. உள்ளே அனுப்பினேன்.

பெருவிரலில் மையோடு திரும்பி வந்து, கையிலிருந்த முறைப்பாட்டுப் பிரதியை நீட்டினாள்.

"ஐயா, நான் சொன்னதத்தான் எழுதியிருக்காங்களா? பாத்துச் சொல்லுங்க."

முழுக்கச் சிங்களம். அந்தக் காகிதத்தில் எனக்கு விளங்கியது அவளுடைய கைநாட்டு மட்டும்தான்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கு, பிள்ளை" என்றேன்.

அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.