ஏரியின் வாய்

12 மார்ச் 1956, திங்கள். திருவள்ளூர்

இன்று ஒன்பது பத்திரங்களுக்கு நகல் எடுத்தேன். வடக்கே வரப்பு, தெற்கே வாய்க்கால், கிழக்கே இன்னாருடைய நஞ்சை. பதினேழு வருஷமாக அடுத்தவர் நிலங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கையெழுத்து அழகு என்று ரிஜிஸ்டர் ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். அதில் என்னுடைய வார்த்தை ஒன்றுகூட இல்லை.

நாற்பத்திரண்டு வயது முடிந்துவிட்டது. இன்னும் பதிமூன்று வருஷம் இதே நாற்காலி. அப்புறம்?

18 மார்ச், ஞாயிறு. பழவேற்காடு

சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் வழக்கம்போல ரயில் மாறிப் பொன்னேரி வந்து, பஸ் பிடித்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு சேர்ந்தேன். என் மனைவி கமர் நிஷா சோறு போட்டாள். குழந்தை இல்லாத வீட்டில் பேச்சும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

காலையில் மீனவர் குப்பத்திலிருந்து தேசப்பன் வந்தான். மூன்று படகுக்குச் சொந்தக்காரன். குப்பத்தில் அவன் சொன்னால் கேட்பார்கள். ஏரியின் வாய் மூடிக்கொண்டதாம். கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரத்தைத்தான் அவர்கள் வாய் என்பார்கள். கடல் மணலைக் கொண்டுவந்து அடைத்துவிட்டது. கடல்தண்ணீர் வராமல் ஏரி வற்றி நாறுகிறது. இறால் இல்லை, மீன் செத்து மிதக்கிறது.

"ஒரு மனு எழுதிக் குடு பாய். உன் எழுத்தைப் பாத்தாவது எவனாவது வருவான்."

எழுதிக் கொடுத்தேன். இடத்தைப் பார்த்தால் இன்னும் சரியாக எழுதலாம் என்று படகில் கூடவே போனேன். அங்கே ஐம்பது அறுபது பேர் மணலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் வெட்ட, பெண்கள் கூடையில் சுமந்து கொட்டினார்கள். பார்த்துக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது. சடையப்பன் என்று ஒருவன், முப்பது வயது இருக்கும், சிரித்துக்கொண்டே மண்வெட்டியை நீட்டினான். "வேடிக்கை பாத்தா காசு. வெட்னா இனாம்."

சாயங்காலம் வரை வெட்டினேன். ஏன் என்று தெரியவில்லை.

19 மார்ச்

பேனா பிடிக்க முடியவில்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஹெட் கிளார்க் சுப்பிரமணி பார்த்துவிட்டார். "ரவூப், இது இன்னாய்யா கை? நகல் எடுக்கற கையா இது?" வீட்டில் கிணறு தூர் வாரினேன் என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பார்.

1 ஏப்ரல், ஞாயிறு

தண்ணீர் ஓடியது.

மூன்று வாரமாக வெட்டிய கால்வாய். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். கடைசி மணல் வரப்பைச் சடையப்பன் காலாலேயே உதைத்தான். முதலில் ஒரு கயிறு கனம்தான். பிறகு முழங்கால் அளவு, பிறகு நிற்க முடியாத இழுப்பு. கடல் உள்ளே வந்தது. எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன் போலிருக்கிறது, தொண்டை கட்டியிருக்கிறது. சடையப்பனின் மனைவி சின்னப்பொண்ணு கூடையைத் தூக்கித் தண்ணீரில் வீசிவிட்டு, அப்புறம் அது போய்விட்டதே என்று அதன் பின்னாலேயே ஓடினாள்.

என் வாழ்நாளில் நான் தொட்டு ஒன்று நகர்ந்தது இதுதான்.

2 ஏப்ரல்

பதினோரு பத்திரங்கள். ஒரு பிழை இல்லை. மனம் முழுக்கத் தண்ணீர்.

8 ஏப்ரல், ஞாயிறு

மூடிவிட்டது. ஏழே நாள். கால்வாய் இருந்த இடத்தில் வழவழவென்று மணல், யாரும் கால் வைக்காத மாதிரி. தேசப்பன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "சமுத்திரம் பாய் அது. நாம கேட்டாலும் கேக்கும், கேக்காட்டியும் போவும்" என்றான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எனக்குத்தான் அடிபட்ட மாதிரி இருந்தது.

22 ஏப்ரல், ஞாயிறு

நோன்பு. மறுபடி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் போகக் கிளம்பியதும் கமர் நிஷா வாசலை மறித்தாள்.

"எச்சில்கூட முழுங்காம இந்த வெயில்ல மண்ணு வெட்டப் போறீங்களா? இன்னா பைத்தியம் இது? நமக்கு வலையா, படகா?"

"இல்ல."

"அப்புறம்?"

அங்கே ஒரு வரிசை இருக்கிறது, அதில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது, நான் வராவிட்டால் பாய் எங்கே என்று கேட்கிறார்கள். இதை எப்படிச் சொல்வது? ஆபீஸில் நான் ஒரு வாரம் செத்துக் கிடந்தால் என் மேஜையில் வேறு ஒருவர் எழுதுவார். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். அவ்வளவுதான்.

6 மே, ஞாயிறு

வியாழன் திறந்து, இன்று மூடிவிட்டது.

மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது. கவனிக்கப்படும் என்று ஒரு வரி. நல்ல கையெழுத்து. என்னைப் போல யாரோ.

3 ஜூன், ஞாயிறு

குப்பத்தில் பாதிப் பேர் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் மழை வரட்டும், தானே திறக்கும் என்றார்கள். சடையப்பனும் அதைத்தான் சொன்னான். நான்தான் பேசினேன். அகலத்தைக் குறைத்து ஆழமாக வெட்டினால் தண்ணீர் வேகமாகப் போகும், வேகமாகப் போனால் மணல் தங்காது என்றேன். குச்சியால் மணலில் படம் போட்டுக் காட்டினேன். படித்தவன் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டார்கள். தேசப்பன் மட்டும் ரொம்ப நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "செரி, பாய் சொல்றபடி செஞ்சி பாப்போம்" என்றான்.

ரயிலில் வரும்போது சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன்: சந்தோஷமாக இருந்தேன்.

12 ஜூன், செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன்.

கால்வாய் ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தது. கடல் பக்க முனையில் சடையப்பன். அவனுக்குப் பின்னால் பத்தடியில் நான். ஓர் அலை வழக்கத்தைவிட மேலே ஏறி வந்தது. பெரிய அலைகூட இல்லை. ஈரம் பட்டதும் இரண்டு பக்கச் சுவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சத்தமே இல்லை. அவன் நின்ற இடத்தில் மணல்.

கையால் தோண்டினோம். மண்வெட்டி போட்டால் அவன்மேல் பட்டுவிடும் என்று கையால். தோண்டத் தோண்டத் தண்ணீர் வந்து மறுபடி மூடியது. வெளியே எடுத்தபோது வாயில், மூக்கில், எல்லாம் மணல். தேசப்பன் அவன் வாயை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் இன்னா பண்ணேன்? படம் போட்டேன். ஒடுக்கமா வெட்டு, ஆழமா வெட்டுன்னு படம் போட்டேன். எனக்கு மணலப் பத்தி இன்னா தெரியும்? வடக்கே வரப்பு தெற்கே வாய்க்கால்னு எழுதத் தெரியும்.

13 ஜூன்

லீவு கேட்டேன். சுப்பிரமணி, உறவுக்காரரா என்று கேட்டார். இல்லை என்றேன். லீவு கிடைக்கவில்லை.

24 ஜூன், ஞாயிறு. பழவேற்காடு

சின்னப்பொண்ணைப் பார்க்கப் போனேன். வாசலில் வலையைப் பிரித்து முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஏசுவாள் என்று நினைத்துப் போனேன். ஏசினால் தேவலாம் என்றும் நினைத்தேன். தலை நிமிராமல் சொன்னாள்:

"நீ இனிமே அங்க வராத பாய். நீ நல்லவன்தான். ஆனா நீ வந்து நின்னா இவங்களுக்கு ஒரு நெனப்பு வருது, படிச்சவரே வந்துகீறாரு, இது ஆவும்னு. ஆவாது. அந்த மனுசன் அன்னிக்கிப் போவ வேணாம்னுதான் இருந்தாரு. பாய் வருவாரு, நான் போவலன்னா இன்னா நெனப்பாருன்னு போனாரு."

சரி என்று சொன்னேன்.

15 ஜூலை, ஞாயிறு. திருவள்ளூர்

ஊருக்குப் போகவில்லை. காலையில் துணி துவைத்தேன். குளத்தங்கரையில் உட்கார்ந்தேன். மத்தியானம் தூங்கினேன். இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன்? நினைவில்லை.

9 செப்டம்பர்

ஒன்றுமில்லை.

30 அக்டோபர், செவ்வாய்

கமர் நிஷா கடிதம். பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள். நான்கு நாள் மழையில் ஏரி நிரம்பி, வாய் தானே உடைத்துக்கொண்டதாம். நூறு ஆள் அகலம். இறால் வந்துவிட்டது, விலை மலிவு, நீங்கள் ஏன் வருவதில்லை.

தானே. மழை வரட்டும் என்று அவன் சொன்னான். நான்கு மாதம் பொறுத்திருந்தால் போதும்.

11 ஜனவரி 1957, வெள்ளி

மேலதிகாரி என் நகல்களைப் பார்த்துவிட்டு, பிழையே இல்லாமல் எழுதுகிறீர்கள் என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். சுப்பிரமணி காபி வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

24 மார்ச், ஞாயிறு. பழவேற்காடு

நேற்று வந்தேன். மாதம் ஒரு தடவைதான் வருகிறேன் இப்போது. வாய் மறுபடி மூடி இருபது நாள் ஆகிறதாம். எலெக்‌ஷனுக்கு வந்தவர்கள் எல்லோரும் வாய் மூடாமல் இருக்கக் கல் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

காலையில் படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கமர் நிஷா முறத்தை வைத்துவிட்டு எதிரில் வந்து நின்றாள்.

"போறதுன்னா போங்க. போவலன்னா கடைக்காவது போங்க. இப்டி ஊட்ல உக்காந்துகினு என் மூஞ்சப் பாக்காதீங்க. எனக்குப் பயமா இருக்குது."

அவளுக்குப் பயம் என்று எனக்குத் தெரியாது. எத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தாளோ.

கடைசிப் படகில் போனேன். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான். அகலமாக, சரிவாக, ஆழமில்லாமல் வெட்டுகிறார்கள், தேசப்பனின் அப்பன் காலத்து முறை. முப்பது பேர்கூட இல்லை. யாரும் பாட்டுப் பாடவில்லை. ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. பெண்கள் வரிசையில் சின்னப்பொண்ணு கூடை சுமந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் திரும்பிவிட நினைத்தேன். படகு போய்விட்டிருந்தது.

ஓரமாகக் கிடந்த மண்வெட்டியை எடுத்துக் கடைசி ஆளுக்குப் பக்கத்தில் இறங்கினேன். என் எதிரே ஒரு கூடை வந்து இறங்கியது. நிமிரவில்லை. அள்ளிப் போட்டேன். நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தாள். இப்படி எத்தனை நடை என்று தெரியாது. இந்தத் தடவை திறக்குமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் அலை கொஞ்சம் ஏறியது. கூடையைத் தலையில் வைத்தபடி அவள் கடலைப் பார்த்தாள், பிறகு என் காலடியைப் பார்த்தாள்.

"அந்தாண்ட ஈரமா கீது, பாய். இப்டி தள்ளி வந்து வெட்டு."