தூணில் இருந்த காக்காப்பொன்

பாய், போன வாரம் எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி பழுதாகிவிட்டது. தேரடித் தெருவில் ரிப்பேர் செய்கிறவர் அதைத் திறந்து, சூடேற்றும் கம்பி சுற்றியிருந்த தகட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். கண்ணாடியும் அல்லாமல் காகிதமும் அல்லாமல் மெல்லியதாக ஒரு தகடு. நான் குனிந்து அதை எடுத்தேன்.

“அது வெறும் காக்காப்பொன்னு சார், மைக்கா. இன்னாத்துக்கு உங்களுக்கு?” என்றார்.

நீங்கள் போய் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. அந்தத் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது சுரங்கத்து வாசலில் நீங்கள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு நின்றதுதான் தெரிந்தது.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் உதவியாளர், நான் அறிவியல் ஆசிரியர். சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் அந்தக் கைகள், உலகப் போர்க் காலத்தில் அடி அண்ணாமலைக்கு அப்பாலுள்ள குன்றில் காக்காப்பொன் வெட்டியவை என்பது எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆயிற்று. ரேடியோவுக்கும் விமானத்துக்கும் அன்று அது வேண்டியிருந்ததாம். போர் முடிந்ததும் கேட்பாரில்லை, சுரங்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று சொன்னீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினீர்கள். குனிந்து நுழைகிற உயரத்தில் ஒரு வாய். உள்ளே இருபது அடியில் அறை போல விரிவு, நடுவில் குடையாமல் விட்ட ஒரு பாறைத்தூண். நான் வகுப்பில் சொல்லும் உதாரணத்தை உங்களிடமும் சொன்னேன். சர்க்கரைப் பாகை வேகமாக ஆறவிட்டால் பொடிப்பொடியாக உறையும். நூலைத் தொங்கவிட்டு நாள் கணக்கில் ஆறவிட்டால் பெரிய கல்கண்டாகும். அதேபோல் இந்தப் பக்கத்துக் கருங்கல்லின் பிளவுகளில் கடைசியாகப் புகுந்த பாறைக் குழம்பு மெல்ல மெல்ல ஆறியது. அதனால்தான் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைப் படிகக்கல் ஒரு புறம் பாளமாகவும், காக்காப்பொன் ஒரு புறம் புத்தகம் புத்தகமாகவும் நிற்கிறது.

“கல்கண்டு சரி சார். ஆனா இது பரோட்டா. ஒரு ஏடு வந்துச்சுன்னா மீதியும் வந்துடும்,” என்றீர்கள்.

சுரங்கத்தின் பழக்கங்களையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். கடப்பாரையால் மேல்பாறையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ணங் என்றால் கெட்டி, தொப்பென்றால் கழன்றிருக்கிறது. உள்ளே யாரும் கத்தக் கூடாது. வெளியே வரச் சொல்ல வேண்டுமானால் வாயிலில் இருப்பவர் கல்லால் மூன்று முறை தட்டுவார். உள்ளே இருப்பவர் ஏன் என்று கேட்காமல் வந்துவிட வேண்டும்.

தூணை மட்டும் நீங்கள் தட்டவில்லை. “இது நான் வுட்டது. இதுக்கு எதுக்கு சார் தட்டல்?” என்று உள்ளங்கையை அதன்மேல் வைத்தீர்கள்.

என் புத்தியை என்ன சொல்வது, பாய். அந்தத் தூணின் இடுப்பில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காக்காப்பொன் கட்டி மின்னிக்கொண்டிருந்தது. இவ்வளவு நல்லதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்களே என்று நினைத்தேன். மாவட்ட அறிவியல் கண்காட்சி வந்துகொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு உங்களிடம் சொல்லாமல் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கட்டி முழுசாக வந்தது. வந்த இடத்தில் ஒரு விரிசல் தூணின் மறுபுறம் வரை ஓடியிருந்தது. விரிசலிலிருந்து மண் ஊசிபோல் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான், கவனிக்காமல் விட்டதல்ல, தாங்குவதற்காக விட்டது என்று உறைத்தது. கட்டியை ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு நாள் தள்ளினேன்.

ஐந்தாம் நாள், மழை பொய்த்து வேலையில்லாமல் இருந்த ஊர்க்காரர்கள் உங்களைத் தேடி வந்தார்கள். வேலூரிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வந்திருக்கிறார், சுரங்கத்தைத் திரும்பத் திறப்பாராம், உள்ளே போகத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அன்று பள்ளி விடுமுறை. நானும் கூட வந்தேன். வழியில் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். இருபது பேர் சூழ நடந்தோம், சொல்லவில்லை.

“உள்ள போயி ஒரு சாம்பிள் எடுத்துட்டு வாங்க பாய். நடுத்தூண் கிட்ட ஜாஸ்தி இருக்குதாமே,” என்றார் கான்ட்ராக்டர்.

“தூணுல கை வைக்க மாட்டேன் சார். அதத் தாண்டி எடுக்கறேன்,” என்று சொல்லிவிட்டு விளக்கோடு நுழைந்தீர்கள்.

ணங். ணங். நான் வாயிலில் நின்று எண்ணினேன். ஒவ்வொரு தட்டும் சரியாக இருந்தது. நீங்கள் தட்டப்போகாத ஒரே இடம் எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் ஏழுமலை, அப்போது இருபத்தைந்து வயது, “வேலை கெடைச்சிடும்ல சார்?” என்று என் காதருகே கேட்டான். இவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன் நான். இவர்கள் முன்னால் திருடன் போல் நிற்பதா என்று இன்னும் இரண்டு தட்டு காத்திருந்தேன். அந்த இரண்டு தட்டு நேரம்தான் பாய், என் வாழ்க்கையில் நான் செய்த மோசமான காரியம். உளி வைத்தது கூட அவ்வளவு மோசமில்லை.

கல்லை எடுத்து மூன்று முறை தட்டினேன்.

உள்ளே சத்தம் நின்றது. பின்னோக்கி நடந்து, மெல்ல வெளியே வந்தீர்கள். “யாரு தட்னது?”

“நான்தான். ஏதோ சந்தேகமா...”

கான்ட்ராக்டர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. என் பையின் மடிப்பிலும் விரல் இடுக்கிலும் போகாமல் ஒட்டியிருந்த மினுக்கைப் பார்த்தீர்கள். நான் கையைப் பின்னால் மறைத்தேன். ஒன்றும் கேட்காமல் திரும்ப உள்ளே போனீர்கள். இந்தத் தடவை தட்டும் சத்தமே இல்லை. நேராகத் தூணிடம் போகிறீர்கள் என்று புரிந்தது. சின்னதாக ஏதோ சரியும் ஓசை கேட்டது. என் கையில் கல் இருந்தது, தட்டவில்லை.

முகமெல்லாம் மண்ணோடு வந்து, தலைத்துண்டை அவிழ்த்தீர்கள். “மேல்பாறை சரியில்ல. யாரும் உள்ள போக வேணாம்.”

“காலையில நல்லா இருக்குதுன்னீங்களே?” என்றார் கான்ட்ராக்டர்.

“காலையில சொன்னது காலையில சார். இப்போ இதான்.”

“பயந்துட்டியா பாய்?” ஏழுமலையின் குரலில் அழுகையும் கோபமும் இருந்தன.

“ஆமாம்பா, பயந்துதான் போய்ட்டேன்,” என்றீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது ஒன்றே ஒன்று கேட்டீர்கள். “எவ்ளோ பெருசு சார்?” கையால் காட்டினேன். “யாருக்கும் காட்டாதீங்க. ஊரு உங்கள வுடாது.” அவ்வளவுதான். ஐப்பசி மழையில் சுரங்கத்து வாய் உள்ளே சரிந்து மூடிக்கொண்டது. சேதி வந்த அன்று ஆய்வகத்தில் குழாய்களைத் துடைத்துக்கொண்டே, “அன்னிக்குத் தட்டினீங்களே, அது போதும் சார்,” என்றீர்கள்.

உங்களுக்குப் போதுமாக இருந்தது. ஊருக்கு நீங்கள் வேலையைக் கெடுத்த பாய். ஏழுமலை கட்டட வேலைக்கு பெங்களூர் போனான். எண்பதுகளின் கடைசியில் நீங்கள் இறந்தபோது மய்யத்துக்கு வந்திருந்தான். கபர்ஸ்தான் வாசலில், “நல்ல மனுசன்தான், ஆனா பயந்தாங்கொள்ளி. இவராலதான் சுரங்கம் போச்சு,” என்று யாரிடமோ சொன்னான். நான் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் இருந்தேன். செருப்பு என் காலில்தான் இருந்தது.

இஸ்திரித் தகட்டை எடுத்துவந்த மறுநாள் காலை, பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் இத்தனை வருடம் கிடந்த அந்தக் கட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஏழுமலை இப்போது அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கிறார். தலை முழுக்க வெள்ளை. கட்டியை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் கேட்டார்கள்.

அவர் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் ஏட்டை நகத்தால் நிமிண்டினார். அது சுலபமாக வந்தது.

“இது அந்தத் தூணா?”

“ஆமா.”

“பாய்க்குத் தெரியுமா?”

“அன்னிக்கே தெரியும்.”

எழுந்து போய் பாய்லர் குழாயை இறுக்கி மூடினார். “அந்த மனுசன எத்தினி பேர்கிட்ட எப்படியெல்லாம் பேசிட்டேன். எல்லாத்தையும் எங்க போயி சார் திருப்பி வாங்கறது?”



கிளம்பும்போது கட்டியைப் பையில் வைக்கப் போனேன். “அது இங்க இருக்கட்டும்,” என்று வாங்கி, பிஸ்கட் பாட்டில்களுக்கு நடுவில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். “பௌர்ணமிக்கு இவ்ளோ ஜனம் மலைய சுத்தி வருது. இன்னான்னு யாராவது கேப்பாங்க. நான் சொல்றேன்.”

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, “கையில என்னங்க, மினுமினுன்னு ஒட்டியிருக்குது?” என்றார். விரித்துப் பார்த்தேன். அன்று நீங்கள் பார்த்த அதே மினுக்கு, அதே விரல் இடுக்கில். அந்த அம்மா பார்க்கட்டும் என்று கையை மடிமேல் விரித்தபடியே வைத்துக்கொண்டு, ஊர் வரும் வரை உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன்.