சும்மா விடும் தட்டு

மார்ச் 4
கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் போனில் ஒரு இடத்தைத் தொடச் சொல்லிக் கொடுத்தாள். பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. படி என்றால் யாரோ ஒரு பெண்பிள்ளை குரலில் படித்தும் காட்டுகிறது.

மச்சான் வந்தான். செத்துப்போன என் பெண்டாட்டிக்குத் தம்பி. வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கவிதை எழுதுகிறவன். அவள் போனபிறகு நான் கட்டின பாட்டை முதல்முதலாக அவனிடம்தான் சொன்னேன்.

கதவைத் திறந்து வச்சேன் —
காத்துதான் வந்து போச்சு —
பதமா உலை கொதிக்க —
பாத்திருக்க ஆளு இல்ல —

"இன்னொரு தரம் மாமா, மெதுவா" என்றான். சொன்னேன்.

மார்ச் 5
எப்படிக் கட்டினீங்க என்று நேற்று கேட்டானே, இப்போதுதான் யோசிக்கிறேன். கிடங்கில் பெட்டி இழுத்த காலத்துப் பழக்கம். கதவு என்று எடுத்தால் காத்து வரணும், பதத்துக்குப் பாத்து. ஆரம்பச் சத்தம் ஒட்டிக்கொண்டால் வாய் தானாக அடுத்ததுக்குப் போகும். கதவு, பதம் — நடுச் சத்தமும் ஒத்துப்போனால் மறக்கவே மறக்காது. வரி முடிகிற இடத்தில் மட்டும் தாளத்தில் ஒரு தட்டு சும்மா விடணும். அதில்தான் எல்லாரும் சேர்ந்து இழுப்போம், பெட்டி நகரும்.

வீட்டில் பாடினால் அந்தத் தட்டில் என் பெண்டாட்டி "ம்" என்பாள், கைவேலையை விடாமலே. சண்டை போட்ட நாளில் "ம்" கிடையாது. பாட்டு நொண்டும்.

மார்ச் 8
வரிக்கு வரி ஒரு சீர் குறையுது மாமா என்றான் மச்சான். குறைஞ்சா குறையட்டும் என்றேன்.

மார்ச் 15
நூலக மாடியில் கவிதைக் கூட்டம். மச்சான் வாசிக்கிறான் என்று மகள் கூட்டிப்போனாள். அக்கா போன துக்கத்தில் எழுதினது என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தான்.

கதவைத் திறந்து வச்சேன் கண்மணியே, காத்துதான் வந்து போச்சு கண்மணியே...

என் பாட்டு. வரிக்கு வரி ஒரு கண்மணி வேற. நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட அவளை நான் கண்மணின்னு கூப்பிட்டதில்லடா. ஏய்னுதான் கூப்பிடுவேன், அவளும் என்னங்குறதோட சரி. அவ "ம்" சொல்ற இடத்தையெல்லாம் அடைச்சுட்டான். முன்வரிசையில ஒரு அம்மா கண்ணைத் துடைக்குது. மகள் எழுந்திருக்கப் பார்த்தா. கையைப் பிடிச்சு உட்கார வச்சேன். ஏன் வச்சேன்?

மார்ச் 16
சோறு இறங்கல.

மார்ச் 18
நானே போன் போட்டேன். என் பேரை ஏன்டா சொல்லல என்றேன்.

"அவ எனக்கும் அக்காதானே மாமா. உங்க வாயோட விட்டிருந்தா அது உங்களோடவே போயிருக்கும்."

நான் இன்னும் போகல என்றேன். அடுத்த மாசம் இன்னொரு கூட்டத்தில் வாசிக்கிறானாம். அதையும் என்னிடமே சொல்கிறான்.

மார்ச் 23
இதுதான் தாங்கல. காலையில் பல் தேய்க்கும்போது பாட்டு வாயில் வந்தது. கண்மணியோடு வந்தது. நிறுத்திவிட்டு முதலிலிருந்து எடுத்தேன். மறுபடியும் கண்மணி. அம்பது வருஷத்துக்கு முந்தி எந்தப் பெட்டியில் எந்த மூலை உடைந்திருந்தது என்று கேட்டாலும் சொல்வேன். என் பாட்டு எனக்கு வரமாட்டேங்குது.

நாலாம் தேதி பேசினதைப் படி என்று போனைக் கேட்டேன். அந்தப் பெண்பிள்ளை தட்டே விடாமல் நாலு வரியையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுப் போய்விட்டாள். அதில் என் பெண்டாட்டி "ம்" சொல்ல இடமே இல்லை.

பேரை எடுத்துட்டுப் போடா. அவ இடத்தை எதுக்குடா எடுத்தே?

மார்ச் 24
இன்னைக்கும் கண்மணி.

ஏப்ரல் 6
தன் இரும்பு பீரோவைத் தம்பிக்குத் தரச்சொல்லி அவள் சாகும் முன்னே சொல்லியிருந்தாள். எடுக்க வந்தான் மச்சான். இடுப்பு வலி என்று வண்டிக்காரர் இறங்கவே இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான். நான் முன்னால், அவன் பின்னால். பீரோ அசையவில்லை. தட்டு இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் மூச்சு வாங்கினால் எப்படி அசையும்?

வேறு வழியில்லாமல் நான் எடுத்தேன். கதவைத் திறந்து வச்சேன் —

பின்னால் அவன் கண்மணிக்குத்தான் வாயைத் திறந்தான். இரும்பு கனத்தது. வந்தது வெறும் "ம்".

அவள் மாதிரியே. ஒரே வயிற்றில் பிறந்ததுகள்.

பீரோ ஒரு சாண் நகர்ந்தது. அடுத்த வரி வந்தது, அதுக்கும் ஒரு "ம்". நாலாவது வரியில் வாசலைத் தாண்டிவிட்டோம். நாலிலும் கண்மணி இல்லை.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான்.

பீரோ சாவியைக் கையில் கொடுத்தேன். உட்காருன்னு சொல்லல.