இரண்டு பூச்சு

ஆவடி
12.3.1991

அன்பு மகளுக்கு,

நேற்று உன் தங்கையின் பள்ளியில் ஆண்டுவிழா. கோலாட்டத்தில் ஒரு கோலைத் தவறவிட்டாள். அதற்கும் கைதட்டினார்கள்.

பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் பெயர்ப்பலகை மங்கிவிட்டதென்று, விழாவுக்கு முன் புதிதாக எழுதித் தரும்படி உன் அப்பாவைக் கேட்டிருந்தார்கள். ஃபேக்டரி பெயிண்ட் ஷாப் ஆள் ஆயிற்றே! நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன நாளிலிருந்து உன் பெயரை வீட்டில் எடுக்கவே விடாதவர். உன் பெயரை விட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

விழாவில்தான் பார்த்தேன். 1986க்கு நேராக உன் பெயர், முன்னால் அவருடைய இனிஷியல். மற்ற பெயர்களைவிட அதுமட்டும் பளிச்சென்று தடித்து நின்றது.

வரும் வழியில் கேட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த எடத்துல மட்டும் பலகை பெயிண்ட்ட இழுத்துகினே கீது. அதான் ரெண்டு கோட்டிங் குடுத்தேன்."

பலகையைத் தலைமையாசிரியர் அறை வாசலில், தாழ்வாகத்தான் மாட்டியிருக்கிறார்கள். பேரனைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் வா. நன்றாகக் காய்ந்துவிட்டது, அவன் தொட்டுப் பார்க்கலாம்.

உன் அம்மா