நான் எறிந்த துண்டு

பிப்ரவரி 5, வியாழன்
பனி. ஏழு மணிக்கும் எதிர்க்கரை தெரியவில்லை. இன்று ஏரியில் எங்கள் முறை, அதாவது பாடு. டில்லியும் நானும் வலை போட்டு வந்தோம். சுமாரான வரவு. டில்லி (இனி டி., கை வலிக்கிறது) தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை. சனிக்கிழமை சென்னையில் அவனுக்குக் கூண்டுச் சண்டை, நாளை எடை பார்ப்பார்கள், அறுபத்தொன்றுக்குள் நிற்க வேண்டும். இன்னும் ஒன்றரைக் கிலோ இறங்கணும். நான் எதிரே உட்கார்ந்து சோறும் வறுத்த மடவை மீனும் தின்றேன்.
"நீயெல்லாம் மனுசனாடா மச்சான்?"
வாசனை மட்டும் பிடித்துக்கொள், அதற்கு எடை கிடையாது என்றேன்.

எடுத்துப்போக: வெள்ளைத் துண்டு 2, ஐஸ் பை, வாசலின், பல்லுக்கு மாட்டுகிற ரப்பர், குளுக்கோஸ், கோமதி கொடுத்த திருநீறு.

கோமதி என் தங்கச்சி, டி.யின் பெண்டாட்டி. நாளை சென்னைக்குக் கிளம்புகிறோம் என்று இன்றே படகு ஏறும் இடம் வரை வந்தாள். "ண்ணா, எப்டி இட்டுனு போறியோ அப்டியே இட்டுனு வந்துடு." அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

பிப்ரவரி 6, வெள்ளி. சென்னை
பொன்னேரி வரை பஸ், அப்புறம் ரயில். வெயில். எடை சரியாக நின்றது. டி. ஒரே மூச்சில் இரண்டு இளநீர்.

ஜெயித்தால் இன்னும் மூன்று சண்டைக்கு ஒப்பந்தம். தோற்றால் அவ்வளவுதான், முப்பத்திரண்டு வயசுக்காரனை யார் கூப்பிடுவார்கள்? காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வாட்ச்மேன் வேலைக்கு மனு போட்டு வைத்திருக்கிறான். அதைச் சொல்லும்போது முகம் சுருங்குகிறது.

டி.க்குச் சண்டை பழக்குகிற மாஸ்டர் கேட்டார், துண்டு யார் கையில்? ஆள் தாங்கமாட்டான் என்று தெரிந்தால் கூண்டுக்குள் துண்டை எறிவது ஒருவன் பொறுப்பு. எறிந்தால் சண்டை முடிந்தது, தோல்வி.
டி. சட்டென்று, "போட்ல கத்தி இவங்கிட்டதான் இருக்கு மாஸ்டர். இங்கியும் இவனே வெச்சுக்கட்டும்."

எங்கள் படகில் அப்படி. வலை அடியில் மாட்டி, இழுப்பு படகைக் கவிழ்க்கப் பார்த்தால் கத்தி வைத்திருக்கிறவன் அறுத்துவிடுவான். ஏன் அறுத்தாய் என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது. போன வருஷம் முகத்துவாரத்தில் புது வலையை அறுத்தேன். டி. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு தின்றான்.

பிப்ரவரி 7, சனி
சாயங்காலம் சண்டை. நான்தான் துண்டை மடித்து மடித்துப் பிரிக்கிறேன். அவன் பாட்டுக் கேட்டுக்கொண்டு காலை ஆட்டுகிறான்.

பிப்ரவரி 8, ஞாயிறு
எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

முதல் ரவுண்டு டி.க்கு. இரண்டாவதும். கடைசி ரவுண்டான மூன்றாவது முடியப்போகிற நேரம், எதிராளி டி.யின் முதுகில் ஏறிக் கழுத்தைச் சுற்றிக் கை போட்டு இறுக்கினான். டி. முகம் கறுத்தது. தரையைத் தட்டினால் விட்டுவிடுவார்கள், செத்தாலும் தட்டமாட்டான். கடிகாரம் எனக்குக் கம்பத்தின் மறைவில். மாஸ்டர் என்னவோ கத்தினார், காதில் ஏறவில்லை. அவன் இடது கை தொப்பென்று விழுந்தது. எனக்குக் கோமதி முகம்தான் தெரிந்தது. எறிந்துவிட்டேன்.

நடுவர் பிரித்துவிட்டதும் டி. எழுந்து நின்றான். மயங்கினவன் அப்படி எழுந்திருக்கமாட்டான். துண்டைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். பத்து விநாடி மிச்சம். தாக்குப் பிடித்திருந்தால் அவன்தான் ஜெயித்தவன்.

"கைய நான்தாண்டா தளத்தி வுட்டேன், மூச்சு மிச்சம் பண்ண. பத்து செகண்டுடா."

ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வந்தோம். பொன்னேரியில் நான் இறங்கும் முன்பே அவன் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

பிப்ரவரி 9, திங்கள்
வாடைக்காத்து. பழவேற்காடு பஜார், வேலை ஒன்றுமில்லாமல்தான் போனேன். டீக்கடையில் ஒருத்தர், "கைக்கு எட்னது வாய்க்கு எட்லயேப்பா." இன்னொருத்தர், "கூட இருக்கிறவனே குழி பறிச்சா இன்னா செய்றது." டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். சர்க்கரையும் அதிகம்.

கோமதி வீட்டுக்குப் போனேன். டி. பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டான். செருப்புச் சத்தம் கேட்டது.
"இன்னாண்ணா இப்டிப் பண்ட்ட?"
நீதானேம்மா முழுசா கூட்டி வரச் சொன்னாய் என்றேன்.
"சொன்னேன். போன்ல பாத்துனுதான் இருந்தேன். அவரு கண்ணு தொறந்தே இருந்திச்சு. உனுக்குத் தெர்லயா?"

தெரியவில்லை. நான் கண்ணைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வரும் வழியில் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அழுதேன். சின்ன வயசிலிருந்து ஒன்றாகத் திரிந்தவன். என்னை நம்பித்தானே துண்டைக் கொடுத்தான்.

பிப்ரவரி 10, செவ்வாய்
வலை தைத்தேன். டி. வரவில்லை. மூன்று முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. சோப்பு, தீப்பெட்டி வாங்க மறந்தேன்.

பிப்ரவரி 11, புதன்
காத்து அடங்கிவிட்டது, ஏரி அசையவில்லை. எங்கள் பாடு. டி. வரமாட்டான் என்று வேறு ஆளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். வந்துவிட்டான். எனக்கு முன்னாடியே வந்து வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தான். கழுத்தில் இன்னும் சிவப்பு. பக்கத்தில் நிற்கிறானே, அதற்கே கண் நிறைந்துவிட்டது. திரும்பி மூக்கைச் சிந்தினேன்.
"துன்னியா?" என்றான்.
"ம்."
கோலை ஊன்றப் போனேன். அவன் குனிந்து நான் உட்காரும் பலகைக்கு அடியில் கையை விட்டான். கத்தியை எடுத்தான். துருவைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தன் இடுப்பில் செருகிக்கொண்டான்.

கத்தி விஷயத்தில் கேள்வி கிடையாது. நானும் கேட்கவில்லை.