நான் மாற்றிச் சொன்னது

வியாழக்கிழமை, இரவு

இன்று மண்சரிவு அபாயம் பார்க்கும் அதிகாரி ஒருவர் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தார். மழையில் அவரால் மலை உச்சிக்கு ஏற முடியவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் வராது. அதனால் நடுவில் நான் நின்றேன்.

மேலே நிலத்தில் வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன்.

"இருக்குன்னு சொல்லு பாப்பா. கொழுந்து பறிக்கிறப்ப பார்த்தேன். உச்சியில கை நுழையிற மாதிரி பிளந்து கெடக்கு. மழைத் தண்ணியெல்லாம் அதுக்குள்ளதான் போகுது."

அப்படி எதுவும் இல்லையாம் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டு, அம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வெடிப்பு இருக்கிறது என்று சொன்ன மேல் லயத்து ஆட்களைப் போன வருடம் பள்ளிக்கூட மண்டபத்துக்கு அனுப்பினார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். என் வகுப்பில் படிக்கும் சுமதி, சேலையை மறைப்பாகக் கட்டி அதற்குப் பின்னால்தான் உடுப்பு மாற்றுகிறாள். பையன்கள் அவளை 'கேம்ப் சுமதி' என்கிறார்கள். அந்த நேரத்தில் அது மட்டும்தான் எனக்கு நினைவில் வந்தது.

மலை இறங்கினால் எங்கள் லயத்தோடு நிற்காது. கீழே குளத்தோரத்துக் கிராமம் வரை போகும். எனக்குச் சிங்களம் சொல்லிக்கொடுத்த என் தோழி நதீஷாவின் வீடு அங்கேதான் இருக்கிறது.

மாலையிலிருந்து, மலை ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் பீலியில் சேற்றுத் தண்ணீர் வருகிறது.

சற்று முன் அம்மா பாயில் படுத்தபடி கேட்டார்.

"எப்ப வந்து நம்மள கூட்டிட்டுப் போவாங்களாம்?"

"நாளைக்கு" என்றேன்.

அம்மா நிம்மதியாகத் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். மழை விடவில்லை. நான் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை.